முறைமாமனும் ரீசனிங் கணக்கும்

பெங்களூர் ஸ்ரீராமபுரத்துச் சரசுவுக்கு ஒரே தம்பி முனியப்பன். எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் இரண்டு தண்ணீர் லாரி வைத்திருந்தான். லாரி ஓட்ட ஆள் உண்டு. பிஜி ஹாஸ்டல்காரர்கள் போன் போட்டுக் கத்தும்போது, "பொம்மனஹள்ளி தாண்டிட்டான் சார், தோ வந்துட்டான்" என்று சொல்வதுதான் முதலாளியின் வேலை. வயது முப்பத்திரண்டு. முன்மண்டையில் முடி விடைபெற ஆரம்பித்திருந்தது. அதற்கு ஈடாக வயிறு முன்னுக்கு வந்துகொண்டிருந்தது.

அவனுக்குப் பெண் பார்க்கும் கவலை யாருக்கும் வரவில்லை. சரசுவுக்கு வீணா பிறந்த அன்றே அந்தக் கவலை தீர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஐஸ் சப்பிக்கொண்டிருந்த பத்து வயதுப் பையனிடம், "உனக்குப் பொண்டாட்டி பொறந்திருக்காடா" என்று யாரோ சொல்லிவிட்டுப் போனார்கள். அவன் அதை நம்பி, வேறு நினைப்பே இல்லாமல் வளர்ந்தான். அவளுக்குக் காது குத்தியபோது மடியில் உட்கார வைத்துக்கொண்டது அவன்தான். பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது, அம்மை போட்டபோது வேப்பிலை தேடி அலைந்தது எல்லாம் அவன்தான். ஒரு பெண்ணுக்குத் தகப்பன் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டு அவளையே கட்டிக்கொள்ளவும் நினைப்பது நம் ஜனங்களுக்குக் கைவந்த கலை.

வீணா பி.இ. முடித்தது இரண்டாயிரத்து நான்கில். பெங்களூரில் அந்த வருஷம் மழை பெய்ததோ இல்லையோ, இன்ஜினியர்கள் கொட்டித் தீர்த்தார்கள். நாலு வருஷம் என்ன படித்தாய் என்று எந்தக் கம்பெனியும் கேட்கவில்லை. ஒரு ரயில் ஒரு பிளாட்பாரத்தைக் கடக்க எத்தனை வினாடி ஆகும் என்றுதான் கேட்டது. சர்க்யூட் போர்டெல்லாம் பரண்மேல் போக, ஆறாங்கிளாஸ் கணக்கு மறுபடி கீழே இறங்கி வந்தது. மல்லேஸ்வரத்து ஜெராக்ஸ் கடைக்காரர்கள் பழைய கேள்வித்தாள்களைப் போட்டு விற்றே மாடி கட்டினார்கள்.

ரிசல்ட் வந்த வாரமே சரசு, "ஆவணியில முகூர்த்தம் வச்சிடலாம்" என்றாள். வீணா சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டுச் சொன்னாள்:

"எனக்கு ஒரு வருஷம் டைம் குடும்மா. அதுக்குள்ள வேலை கிடைக்கலைன்னா, நீ சொல்ற தேதியில கழுத்தை நீட்டறேன். கிடைச்சிடுச்சுன்னா, கல்யாண விஷயம் என் இஷ்டம்."

பெற்ற தாய் முடியாது என்று சொல்ல வாயெடுத்தாள். முறைமாமனோ சந்தோஷமாகத் தலையாட்டினான். "குடுக்கா. படிச்ச பொண்ணு, வேலைக்குப் போகட்டுமே. நமக்குத்தானே பெருமை." வேலை கிடைத்தால் அவள் இஷ்டம்; அவள் இஷ்டமோ தன்மேல்தான்; ஆக இரண்டு பக்கமும் தனக்கே ஜெயம் என்பது அவன் கணக்கு. வீணாவுக்கு அவனைப் பிடிக்கும், மாமனாகப் பிடிக்கும், புருஷன் என்று நினைத்தால் மட்டும் சோறு இறங்காது என்பது தெருவில் குழாயடிக்கு வருகிற அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. அவனுக்கு மட்டும் தெரியவில்லை.

அதோடு நின்றானா? பயிற்சி கொடுக்கவும் கிளம்பிவிட்டான். சாயங்காலமானால் ஹீரோ ஹோண்டாவில் வந்து இறங்குவான். செல்போனில் ஸ்டாப்வாட்ச் இருப்பதைக் கண்டுபிடித்திருந்தான். எஸ்எஸ்எல்சி இங்கிலீஷில் கேள்வியை எழுத்துக் கூட்டி வாசிப்பான். அவன் வாசித்து முடிப்பதற்குள் வீணா விடையையே சொல்லிவிடுவாள். அதுவும் தன் பயிற்சியின் பலன் என்று நினைத்துக்கொள்வான்.

"ஒரு தொட்டி. ஒரு பைப்பு நாலு மணி நேரத்துல நிரப்புது. இன்னொரு பைப்பு ஆறு மணி நேரத்துல காலி பண்ணுது. ரெண்டையும் தெறந்து விட்டா..." வாசிக்கும்போதே அவன் முகம் மாறியது. "எவன்டா அவன் ரெண்டையும் தெறந்து விட்டவன்? இங்க லோடு தண்ணிக்கு ஜனங்க அடிச்சிக்கினு கெடக்குது."

"பன்னெண்டு மணி நேரம் மாமா."

"மணி நேரம் கெடக்கட்டும். மொதல்ல அந்தக் கீழ் பைப்ப மூடச் சொல்லு."

அந்தக் கணக்கு அவன் வரையில் அங்கேயே முடிந்துபோனது. தண்ணீரை வீணடிப்பவனுக்கு விடை சொல்வது பாவம் என்று அடுத்த பக்கம் திருப்பினான். அடுத்த பக்கத்தில் ரீசனிங் என்ற பேரில் உறவுக் கணக்குகள். அவற்றில் மட்டும் அவனுக்கு அபார நம்பிக்கை. ரயிலில் தோற்கலாம், தொட்டியில் தோற்கலாம், உறவில் முனியப்பனைத் தோற்கடிக்க எந்தக் கம்பெனிக்காரனுக்குத் தைரியம் உண்டு?

"ஒரு பொண்ணைக் காட்டி ரவி சொல்றான், 'இவ என் அக்காவோட மக.' ரவிக்கு அவ இன்னா ஆகணும்? கட்டிக்கிற முறை ஆகணும்."

"அப்படி ஆப்ஷனே இல்ல மாமா."

"நாலாவதா, மேல சொன்ன எதுவும் இல்லைன்னு போட்டிருக்கான் பாரு. அதை டிக் பண்ணு."

அடுப்படியிலிருந்து சரசுவும், "ஆமா, அதான் சரி" என்று தீர்ப்புச் சொன்னாள்.

"நீஸ்ங்கறதுதான் ஆன்சர்" என்றாள் வீணா. "அக்கா பொண்ணு, அண்ணன் பொண்ணு, ரெண்டுக்கும் இங்கிலீஷ்ல அது ஒண்ணுதான்."

முனியப்பன் திகைத்துப் போனான். "அண்ணன் பொண்ணு நமக்கு மக முறையாச்சே. ரெண்டையும் ஒரே பேர்ல கூப்பிட்டா, யாரைக் கட்டிக்கலாம், யாரைக் கட்டிக்கக் கூடாதுன்னு வெள்ளைக்காரனுக்கு எப்படித் தெரியும்?"

"அவன் ரெண்டு பேரையுமே கட்டிக்க மாட்டான் மாமா."

முனியப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். வெள்ளைக்காரனின் நிலைமையை நினைத்துச் சிரித்தான். வீணா பென்சிலைக் கடித்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று அவன் ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தான். "ஏ, பி, சின்னு மனுசங்களுக்குப் பேர் வச்சா எப்படி வெளங்கும்? ஏ வந்தா அக்காவை நெனச்சுக்க. பி வந்தா என்னை நெனச்சுக்க. நம்ம வூட்டு மூஞ்சிங்களை வச்சுப் பாரு, கணக்கு தானா வந்துடும்."

தவறு அங்கேதான் நடந்தது. முதல் கம்பெனியின் எழுத்துத் தேர்வு ஒரு கல்யாண மண்டபத்தில். ஆயிரம் பேர், பிளாஸ்டிக் நாற்காலி, தொடையில் அட்டை. கடைசிப் பத்து நிமிஷத்தில் வீணா உறவுப் பகுதிக்கு வந்தாள். 'சியின் அம்மாவுக்குத் தம்பி பி. பியின் மாமியார் டி. சிக்கு டி என்ன உறவு?' அவசரத்தில் மாமன் சொன்னபடியே மூஞ்சிகள் வந்து நின்றன. சி என்றால் அவள். அவள் அம்மாவின் தம்பி முனியப்பன். முனியப்பனின் மாமியார் யார்? சரசு. கை தானாகப் போய் 'அம்மா' என்பதை டிக் செய்துவிட்டது.

பேப்பரைப் பிடுங்கிக்கொண்டு போன பிறகுதான் என்ன செய்தோம் என்று அவளுக்கு உறைத்தது. சரியான விடை, 'கொடுத்த தகவலை வைத்துச் சொல்ல முடியாது' என்பது. அந்த மண்டபத்தில், யாரும் வற்புறுத்தாமல், அவளே தன்னை முனியப்பனுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அதே பாணியில் இன்னும் மூன்று கணக்கும் போயிருந்தன. உறவுப் பகுதியில் குறைந்தபட்ச மார்க் வராததால் கம்பெனி அவளை வெளியே அனுப்பியது.

வெளியே கடலை கொறித்துக்கொண்டு நின்றவனிடம் அவள் அந்தக் கணக்கைச் சொன்னாள். அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"கரெக்ட்டாத்தானே எழுதியிருக்க. அவன் வச்சிருக்கிற ஆன்சர் கீ தப்பு."

அன்றிலிருந்து அவனைக் கேள்வி வாசிக்க விடவில்லை. ஸ்டாப்வாட்சை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். வெறும் வட்டங்களும் கோடுகளும் போட்டு, மூஞ்சி இல்லாத மனிதர்களோடு பழகினாள். தாத்தா இல்லை, மாமா இல்லை, வெறும் எம், என், ஓ. மூஞ்சி இல்லாதவர்கள் யாரையும் கட்டிக்கொள்ளச் சொல்லவில்லை. முனியப்பனும் சளைக்கவில்லை. ஹோசூர் ரோட்டு நெரிசலில் மாதக்கணக்காக அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தேர்வுக்குத் தேர்வு கொண்டுபோய் இறக்கினான். லாரி எங்கே வருகிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லாமல் இரண்டு ஹாஸ்டல்கள் வேறு லாரிக்கு மாறின. அதையும் அவன் பெரிதுபடுத்தவில்லை. தன் கழுத்துக்குத் தானே கத்தி தீட்டுகிற ஆடு அவ்வளவு பொறுப்பாகத் தீட்டி யாரும் பார்த்திருக்க முடியாது.

மாசி மாதத்தில் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனி அவளைக் கடைசி நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. எழுத்துத் தேர்வில் உறவுக் கணக்கு அத்தனையும் சரி. முனியப்பன் கேட்டுக்கு வெளியே செக்யூரிட்டிக்காரரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டு நின்றான்.

"ஒளகே ஹோகிரோது யாரு சார், நிம் மகளா?" என்று உள்ளே போனவளைப் பற்றிக் கன்னடத்தில் கேட்டார் செக்யூரிட்டி.

முனியப்பன் தன் மண்டையை ஒருமுறை தடவிக்கொண்டு, "அல்லா, அக்கன மகளு" என்று, இல்லை, அக்கா மகள் என்பதைக் கன்னடத்திலேயே சொன்னான்.

செக்யூரிட்டி அந்த ஊர்க்காரர், அவர்களிலும் அக்கா மகள் கட்டிக்கிற முறைதான். விளக்கம் தேவைப்படவில்லை. கண்ணைச் சிமிட்டி, "ஹாகாதரே, மதுவே ஊட்டா யாவாக?" என்று கல்யாணச் சாப்பாட்டுக்குத் தேதி கேட்டார். முனியப்பனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பத்திரிகை கட்டாயம் வரும் என்று வாக்குக் கொடுத்தான்.

நாலு மணிக்கு வீணா வந்தாள். வேலை கிடைத்துவிட்டது. அவன் செக்யூரிட்டியின் கையைப் பிடித்துக் குலுக்கினான், பக்கத்துக் கடையில் மைசூர்பாக் வாங்கி முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் கொடுத்தான். அந்தக் கூத்து முடிந்து பைக்கை எடுக்கும்போதுதான் கேட்டான்.

"உள்ள இன்னா கேட்டாங்க?"

"கல்யாணம் ஏதாச்சும் பேசி வச்சிருக்காங்களான்னு கேட்டாங்க. ரெண்டு வருஷம் வேலையை விடக் கூடாதுன்னு பாண்டு இருக்காம்."

"நீ இன்னா சொன்ன?"

"அப்படி எதுவும் இல்லைன்னு சொன்னேன்."

"நல்லது. வேலைக்காகப் பொய் சொன்னா தப்பில்ல."

"நான் பொய் சொல்லல மாமா."

அவன் பைக்கை உதைத்தான். கிளம்பவில்லை. மறுபடி உதைத்தான். சாவி போடவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

சில்க் போர்டு நெரிசலில் வண்டிகள் நகராமல் நின்றபோது அவள் அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து பேசினாள். "அம்மாகிட்ட நீதான் சொல்லணும். நான் சொன்னா பேச்சை மாத்திடும், சாப்பிடாம படுத்துக்கும். தாய்மாமன் நீ வேணாம்னு சொல்லிட்டா அப்புறம் யாரும் வாயத் தெறக்க முடியாது."

"இன்னா காரணம் சொல்றது?"

"உனக்கு இஷ்டமில்லைன்னு சொல்லு."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"ஆமா மாமா."

இவ்வளவு நேரம் கேலி பேசினோம். அவனுக்கு வலித்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக ஒரே ஒரு விடையை வைத்துக்கொண்டு வாழ்ந்தவன். கேள்வி அதுவே இல்லை என்று யாரோ சொன்னால் எங்கே போவான்? கண்ணில் தண்ணீர் வந்தது. முன்னால் நின்ற லாரிப் புகையால் வந்தது என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

வீட்டில் சரசு கேசரி கிண்டி வைத்திருந்தாள். அவள் புருஷன் சந்திரசேகரன், பீன்யாவில் லேத் ஓட்டுகிறவர், லீவு போட்டுவிட்டு வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தார். முனியப்பன் தட்டை வாங்கிக் கீழே வைத்தான்.

"அக்கா, எனக்கு இது ஒத்து வராது. வேலைக்குப் போற பொண்ணு எனக்கு வேணாம். வேற எடத்துல பாரு."

சரசு கரண்டியோடு எழுந்தாள். பேச்சு மொத்தமாக வந்தது. "தண்ணி லாரி வச்சிருக்கிற உனக்கு இன்ஜினியர் பொண்ணு கசக்குதா? அவ உன்னைவிட மேல வந்துட்டான்னு பொறாமைடா உனக்கு. இத்தனை வருஷமா உன்னையே நம்பிக் காத்துக்கெடந்தாளே, அந்தப் பாவம் உன்னைச் சும்மா விடுமா?"

முனியப்பன் வீணாவைப் பார்த்தான். ஒரு வார்த்தை சொல்வாள் என்று நினைத்தான். அவள் கேசரியில் முந்திரியை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். சந்திரசேகரன் எழுந்து வாசலைக் காட்டினார்.

சங்கதி சொந்தக்காரர்கள் இருக்கிற ஆனேக்கல் வரைக்கும் ஓடியது. இன்ஜினியர் பெண்ணை, அதுவும் சொந்த அக்கா மகளை, தட்டிக் கழித்தவன் என்று பெயர் நிலைத்தது. பெண் வைத்திருந்தவர்கள் அவன் பைக் சத்தம் கேட்டால் கதவைச் சாத்தினார்கள். பாண்டு முடிந்த கையோடு வீணா தன்னோடு வேலை பார்க்கும் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். பையன் வீடு ஜெயநகரில், சொந்தக் கட்டடம், காரும் உண்டு. சரசுவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனாலும் தாய்மாமன் சீர் இல்லாமல் கல்யாணம் நடக்காதே, ஆள் விட்டு முனியப்பனைக் கூப்பிட்டார்கள். அவனும் வந்தான். பட்டுப்புடவையும் பழமும் அடுக்கிய தட்டை ஏந்திக்கொண்டு மேடைப் படியில் நின்றான். சம்பந்தியம்மாளிடம் சரசு பேசுவது தெளிவாகக் கேட்டது.

"என் தம்பிதான். இவனுக்குத்தான் குடுக்கறதா இருந்தது. நல்லவேளை, இவனே வேணாம்னு சொல்லிட்டான். இல்லேன்னா என் பொண்ணு தண்ணி லாரிக்காரனுக்குச் சோறாக்கிப் போட்டுக்கினு கெடந்திருப்பா."

முனியப்பனுக்குக் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. இரண்டு கையிலும் தட்டு இருந்தது.