மூன்றாம் மாடித் தோளுக்கினியான்

எங்கள் அடுக்ககத்தின் குடியிருப்போர் சங்கத் துணைவிதி பதினான்கு இப்படிச் சொல்கிறது: லிஃப்ட் பழுதானால் குடியிருப்பவர் எழுத்து மூலம் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும்; தெரிவித்த ஏழு நாட்களுக்குள் செயலாளர் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். இந்த வாக்கியத்தில் பிழை எதுவும் கிடையாது. எழுதியவன் நான். பதில் தராவிட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் அதில் சேர்க்கவில்லை. அரசு அலுவலகத்தில் தலை நரைத்தவன். அந்த ஓர் இடத்தைக் காலியாக விடுவது எங்கள் குல ஆசாரம்.

தை மாதக் கடைசியில் லிஃப்ட் நின்றது. ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், மூன்றாவது மாடியில் நாங்கள் இருக்கிறோம். என் மனைவி பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கரும்பலகை முன் நின்று நின்றே முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. வீட்டுக்குள் கைத்தடியோடு நடமாடுவாள். மாடிப்படி மட்டும் ஆகாது. ஆபரேஷன் பேச்சை எடுத்தால், "உங்க லிஃப்டை முதல்ல ரிப்பேர் பண்ணுங்கோ, அப்புறம் என் காலுக்கு வரலாம்" என்பாள்.

விண்ணப்பம் கொடுத்தேன். நினைவூட்டல் கொடுத்தேன். நினைவூட்டலைச் சுட்டிக்காட்டி மறு நினைவூட்டலும் கொடுத்தேன். செயலாளர் வங்கியில் மேலாளராக இருந்தவர். கீழ்த்தளவாசி. லிஃப்டின் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூட அவருக்குத் தெரியாது. ஏறாத லிஃப்டுக்கு எதற்குப் பங்கு தர வேண்டும் என்பது கீழ்வீட்டுக்காரர்களிடையே ஒரு வேதாந்த விசாரமாக நடந்துகொண்டிருந்தது. வாசலில் என்னைப் பார்த்தால் கைகூப்புவார்.

"பரிசீலனைல இருக்கு ஸ்வாமி."

பணியில் இருந்தபோது எத்தனையோ பேரிடம் நானே சொன்ன சொல் அது. அதன் பொருள் எனக்குத் தெரியும். பொருளே கிடையாது.

இதற்கிடையில் நான் ஓடிக்கொண்டிருந்தேன். சர்க்கரை ஏறியிருக்கிறது, எடையைக் குறைக்க வேண்டும் என்று தில்லைநகர் டாக்டர் சொல்லியிருந்தார். என் மகள் வயதுள்ள பெண். நடந்தாலே போதும் என்றுதான் சொன்னார். எதையும் மேல்முறையீட்டுக்கு இடமில்லாமல் செய்வது என் வழக்கம், ஓடினேன். விடிகாலையில் உத்தர வீதி நாலையும் சுற்றி வருவேன். வேட்டியும் விபூதியுமாகவோ, வேட்டியும் திருமண்ணுமாகவோ நடப்பவர்களை ஊர் கண்டுகொள்ளாது. அரைக்கால் சட்டையில் ஓடுகிற கிழவனை விடாது.

"மாமா, பஸ் போயிடுத்தா?"

"யாரு துரத்தறா?"

ஒருநாள் வீதியில் குழாய்க்குக் குழி தோண்டியிருந்தார்கள். சரி என்று திரும்பி எதிர்த்திசையில் ஓடினேன். வாசல் தெளித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் வாளியை வைத்துவிட்டுக் கத்தினாள்: "அப்பிரதக்ஷிணமா ஓடறேளே! பண்ணின புண்ணியமெல்லாம் போயிடும்!"

"கொழுப்பு போனாப் போறும்மா" என்றேன்.

போயிற்று. தொப்பை வற்றியது, கழுத்து நீண்டது, பழைய சட்டைகள் ஹாங்கரில் தொங்குவதுபோலவே என் மேலும் தொங்கின. வீட்டுக்கு வந்தவர்கள் என் மனைவியைத் தனியே அழைத்து, "மாமாவுக்கு என்ன உடம்பு? டாக்டர் எத்தனை நாள் சொல்லியிருக்கார்?" என்று கேட்டார்கள். நான் பெருமையாக இருந்தேன்.

வைகாசி மாதத்தில் ஒரு மாலை அவள் சொன்னாள்: "ஆடிப் பதினெட்டுக்கு நான் ஆத்துக்குப் போகணும்."

எங்கள் பேச்சில் வீடும் ஆறும் ஒரே சொல். "ஆத்துலதானே இருக்கே?" என்றேன்.

"சிரிப்பு வரலை. தைலேர்ந்து இந்த ஆத்துலயேதான் இருக்கேன். நான் தண்ணி ஓடற ஆத்தைச் சொல்றேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததுலேர்ந்து ஒரு வருஷம் விட்டதில்லை. இங்கேர்ந்து கூப்பிடு தூரம். விட்டுடுவேனா?"

"ஆட்டோ வைக்கிறேன்."

"ஆட்டோ மூணாம் மாடிக்கு வருமா?"

"தூக்கிண்டு போறேன்" என்று சொல்லிவிட்டேன். ஓடுகிறவனுக்கு வருகிற திமிர் அது.

அன்றே ஒத்திகை. கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் குனிந்து முன்கால்கள் இரண்டையும் பிடித்துத் தூக்கினேன். நாற்காலி யோசித்தது. என் தோள் நடுங்கியது. எழும்ப வேண்டாம் என்று நாற்காலி முடிவு செய்தது.

"தினம் எதுக்கு ஓடறேள்?" என்று உட்கார்ந்தபடியே கேட்டாள். "எனக்கு முன்னாடி நீங்க மட்டும் ஆத்துக்குப் போய்ச் சேரவா?"

அடுத்த முறை போனபோது டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை; அது இன்னும் மோசம். "ஓடறது நல்லதுதான் சார். ஆனா சாப்பாட்டைக் குறைச்சுக்கிட்டு ஓட மட்டும் செஞ்சீங்கன்னா, உங்க வயசுல கொழுப்போட சேர்ந்து சதையும் போயிடும். கைக்கும் தோளுக்கும் வேலை குடுங்க. ஒரு நாள் ஓடுங்க, ஒரு நாள் வீட்லயே தண்டால் எடுங்க. சுண்டல், பயறு நிறைய சாப்பிடுங்க." ஆக, தொப்பையை வெளியேற்றப் போட்ட உத்தரவில் தோளையும் சேர்த்து வெளியேற்றியிருக்கிறேன். உத்தரவைச் சரியாகப் படிக்காத குமாஸ்தாக்கள் செய்கிற வேலை.

மலைக்கோட்டைக் கடைத்தெருவில் டம்பெல் வாங்கி வரலாம் என்று கிளம்பினேன். வாசலிலேயே தடை வந்தது. "காசு குடுத்து இரும்பு வாங்கி, நாளைக்குப் பழைய இரும்புக்காரன்கிட்ட போடவா? பரண்ல உங்க விதிப் புஸ்தகமெல்லாம் சும்மாத்தானே கிடக்கு?"

இறக்கினேன். பணி விதிகள், நிதி விதிகள், அவற்றுக்கான திருத்தங்கள், திருத்தங்களுக்கான விளக்கங்கள். ஜவுளிக்கடைப் பைகள் இரண்டில் நிரப்பிக் கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டேன். தோளுக்கு மேலே தூக்கி இறக்குவது ஒன்று. கட்டிலில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, மறு கையால் பையை இடுப்பு வரை இழுப்பது இன்னொன்று. நிதி விதிகள் பணி விதிகளைவிடக் கனம் என்பது இரண்டாம் நாளே தெரிந்தது, கை மாற்றிக்கொண்டேன். ஆயுள் முழுக்க விதிகளைத் தூக்கிப் பிடித்தவன் என்று பிரிவுபசார விழாவில் என்னைப் பாராட்டிப் பேசினார்கள். பேசியவர்கள் ஒருவராவது வந்து பார்த்திருக்கலாம்.

தண்டாலைத் தரையில் ஆரம்பித்தால் தரையிலேயே முடிந்துவிடுவேன் என்று தெரிந்தது. முதலில் சுவரில் கை ஊன்றி எடுத்தேன். பிறகு சாப்பாட்டு மேஜையின் விளிம்பில். கடைசியாகத்தான் தரை. எண்ணுகிற பொறுப்பு மனைவியுடையது. கணக்கு ஆசிரியையிடம் எண்ணிக்கையைக் கொடுத்தது நிர்வாகத் தவறு.

"இது சேராது. பாதிதான் இறங்கினேள்."

"மூச்சு முட்டறது."

"பேசறதுக்கு மூச்சு இருக்கோன்னோ? மூக்கு தரைல படணும். மறுபடி ஒண்ணுலேர்ந்து."

முதல் வாரம் கையைத் தூக்கி நெற்றிக்குத் திருமண் இட முடியவில்லை. கோணலாக வந்தது. எதிர்வீட்டுக்காரர் அதைப் பார்த்து வடகலைக்கும் தென்கலைக்கும் நடுவே நான் ஏதோ புதிய சம்பிரதாயம் தொடங்கியிருப்பதாக நினைத்திருப்பார். ஒருநாள் ஓட்டம், ஒருநாள் விதிகள் என்று விடாமல் நடந்தது. ஓட்டத்தில் ஒரு சௌகரியம் உண்டு: வேர்த்தால் வேலை நடந்தது என்று நம்பிவிடலாம். பையைத் தூக்குவதில் அந்த ஏமாற்று நடக்காது. பை மேலே போகும், அல்லது போகாது.

ஆனி முடிவதற்குள் நாற்காலியின் முன்கால்கள் தரையை விட்டன. ஒரு படி உயரத்துக்கு வந்து நின்றன. அவள் கைப்பிடிகளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இறக்குங்கோ" என்றாள். இறக்கினேன். "இன்னொரு தரம்" என்றாள்.

நாற்காலிக்குப் பின்பக்கம் பிடிக்க இன்னோர் ஆள் வேண்டும். வாட்ச்மேன் வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். ஆடிப் பதினெட்டு காலையில் போய்ப் பார்த்தால், அவர் அறைக்குப் பூட்டு தொங்கியது. அவர் தம் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போய்விட்டார். நியாயம்தான். ஆறு என் மனைவிக்கு மட்டும் எழுதிவைத்ததில்லை. நான் மேலே வந்து விஷயத்தைச் சொன்னேன். புதுப்புடவை கட்டி, புளியோதரையும் தயிர்சாதமும் டப்பாவில் அடைத்து, மஞ்சள் சரடும் பூவும் பையில் வைத்து, தயாராக இருந்தவள் தடியை ஊன்றிக்கொண்டு பால்கனிக்குப் போனாள். கீழே செயலாளர் காபி டம்ளரோடு நின்றிருந்தார்.

"செக்ரட்டரி ஸ்வாமி! கொஞ்சம் மேலே ஏளுங்கோ!"

தெருவே நிமிர்ந்து பார்த்தது. மறுக்க வழியில்லாத அழைப்பாணை. மூன்று மாடி ஏறி வந்தவர் கதவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் மூச்சு வாங்கினார். "இவ்வளவு படியா இருக்கு?" என்று கேட்டார். கட்டடம் எழும்பிய காலத்திலிருந்து அவர் அங்கே இருக்கிறார்.

பெருமாள் வீதியில் எழுந்தருளும் பல்லக்கு ஒன்றுக்குத் தோளுக்கினியான் என்று பெயர். வைத்தது தூக்கியவர்களாக இருக்க முடியாது. மேலே உட்கார்ந்திருந்தவரேதான் வைத்திருப்பார். செயலாளர் நாற்காலியின் முதுகைப் பிடிக்க, நான் முன்கால்களைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி ஒவ்வொரு படியாக இறங்கினேன். என் தோள் எரிந்தது. ஆனால் நின்றது. இரண்டாம் மாடியில் செயலாளர் கெஞ்சினார்: "மாமி, சித்த இறக்கட்டுமா?"

"இங்க என்ன மண்டகப்படியா, பெருமாள் மாதிரி நின்னு நின்னு போறதுக்கு?" என்றாள் நாற்காலியிலிருந்து. அந்த நேரம் பார்த்து இரண்டாம் மாடிக் கதவு திறந்து, அந்த வீட்டு அம்மாள் ஒரு செம்பு மோரோடு வந்து நின்றாள். மண்டகப்படியேதான். மூவரும் குடித்தோம்.

காவிரியில் தண்ணீர் மேலிருந்து மூன்றாம் படிவரை வந்திருந்தது. யாரோ முறைப்படி விண்ணப்பித்திருக்க வேண்டும். அம்மா மண்டபத்தில் கூட்டம் நெரிந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டே இரண்டு படி இறங்கினாள். பிடித்துக்கொள்ள இந்தத் தடவை அங்கே ஏதோ இருந்தது. மஞ்சளையும் பூவையும் விட்டாள். படியில் உட்கார்ந்து கால் இரண்டையும் தண்ணீரில் வைத்தாள். பழக்கதோஷம், மிதந்து போகிற பூக்களை எண்ணத் தொடங்கினாள்.

திரும்பும்போது ஆட்டோவில்தான் உறைத்தது. இறங்குவதற்குத் திட்டம் போட்டிருந்தேன். ஏறுவதற்குப் போடவில்லை. துணைவிதி பதினான்கில் விட்ட அதே ஓட்டை.

நாற்காலி கீழேயே இருந்தது. செயலாளரும் இருந்தார், ஒளிந்துகொள்ள நேரம் கிடைக்கவில்லை. "நான் முன்னாடி பிடிக்கறேன், நீங்க பின்னாடி போங்கோ" என்று முந்திக்கொண்டார். பின்னோக்கிப் படியேற அவருக்குப் பயம். நாற்காலியை முதுகு மேல்பக்கமாக ஏற்றும்போது பாரமெல்லாம் கீழே இருப்பவர் கையில்தான் விழும். காலையில் இறங்கும்போதே அதை நான் அனுபவித்திருந்தேன். கேட்காத தகவலைத் தெரிவிக்கும் கடமை எனக்கு எந்த விதியிலும் இல்லை.

மூன்றாம் மாடி வந்ததும் அவர் எங்கள் கூடத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். கைவிரல்கள் விரியவில்லை. என் மனைவி மேஜை மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டாள்.

"மாமி," என்றார் மெல்ல, "நீங்க இதுமாதிரி அடிக்கடி கீழே போகணுமா?"

"அடிக்கடியெல்லாம் இல்லை. ஏகாதசிக்குக் கோவில். அப்புறம் புரட்டாசி சனிக்கிழமை எல்லாம் உண்டு. ஐப்பசி பூரா துலா ஸ்நானம், அது தினமும்."

அவர் என்னைப் பார்த்தார். "பரிசீலனைல வச்சுக்கோங்கோ ஸ்வாமி" என்றேன்.

மறுநாள் காலை தரையில் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தபோது கதவிடுக்கு வழியாக ஒரு கவர் உள்ளே வந்து என் மூக்குக்கு நேராக நின்றது. அப்படியே கிடந்து படித்தேன். தங்கள் விண்ணப்பமும் நினைவூட்டல்களும் கிடைத்தன. மெக்கானிக் இன்றே வருகிறார். செலவில் கீழ்வீட்டாரும் பங்கேற்பர். கையெழுத்து வெகுவாக நடுங்கியிருந்தது. நிறுத்தினதற்கு மறுபடி ஒண்ணுலேர்ந்து என்றாள் மனைவி. எடுப்பதற்கு முன், பழைய பழக்கம், பேனாவைத் தேடிக் கவரின் மூலையில் பதில் கிடைத்த தேதியைக் குறித்தேன்: ஆடி பத்தொன்பது.