மூலையில் நின்ற தண்ணீர்

பழனிசெட்டிபட்டியில், ஓர் உரக்கடை மாடியில், ராக்கப்பன் என்ற வீடியோக்காரர் இருந்தார். தேனியிலிருந்து லோயர் கேம்ப் வரை அவர் படம் பிடிக்காத கல்யாணம் இல்லை. எந்தப் படத்திலும் அவர் இல்லை. கேமராவுக்குப் பின்னால் நிற்பவன் தலையெழுத்து அது.

ஆனால் வித்தைக்காரர். ஒரு கல்யாண சீடியில் சுருளி அருவியைக் கீழிருந்து மேலே ஓடவிட்டார். அதைப் பார்த்த பெரியவர் ஒருவர் மறுநாளே காலிக் குடத்தோடு மலையுச்சிக்குப் போய்க் காத்திருந்தாராம். குடம் நிறைந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். நிறைந்தது என்றுதான் நான் சொல்வேன்.

அப்பேர்ப்பட்டவர் சறுக்கியது 2007-இல், கூடலூரில், சொந்தக் கொழுந்தியாள் கல்யாணத்தில். வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளையும் அவரே, வீடியோக்காரரும் அவரே. முதல் பந்திக்கு மாப்பிள்ளை என்று யாரும் கூப்பிடவில்லை. கேமராவோடு நின்றவரை, கடைசிப் பந்தியில் பந்தல்காரர்களோடு உட்காரும் ஆள் என்று விட்டுவிட்டார்கள். அவர் கை நனைக்காமல் பஸ் ஏறிவிட்டார். கல்யாண வீட்டில் கை நனைக்காமல் போவது பெண் கொடுத்தவர் முகத்தில் துப்பியது போல. மாமனார் கொதித்தார். மனைவி பாண்டீஸ்வரியும் நான்கு வயது மகள் திரிஷாவும் கூடலூரிலேயே தங்கிவிட்டார்கள்.

அதன் பிறகு மாடியில் கம்ப்யூட்டர் மட்டும்தான் அவரோடு பேசியது, அதுவும் விசிறிச் சத்தத்தில்.

அந்த நாட்களில்தான் வேதியியல் வாத்தியார் இம்மானுவேல் ஒரு வேலை கொண்டுவந்தார். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மூலக்கூறுகள் அசைகிற பாடம். அணுவுக்கு ஓர் உருண்டை, பிணைப்புக்கு ஒரு குச்சி. திரையில் ஒவ்வோர் உருண்டையின் பெயருக்கும் பக்கத்தில் சின்னதாய் ஒரு கண். அதைத் திறந்தால் உருண்டை தெரியும், மூடினால் மறையும். பாடம் இதுதான்: காடியில் இருக்கும் அமிலமும் சாராயமும் சேரும், பழ வாசனையோடு எஸ்டர் பிறக்கும், ஒரு தண்ணீர் மூலக்கூறு விலகிப்போகும்.

ராக்கப்பனுக்கு அது கல்யாணமாகவே பட்டது. ஜோடி சேர்ந்ததும் தண்ணீரின் கண்ணை மெல்ல மூடினார். விருந்தாளி படியிறங்குவது போல அழகாகக் கரைந்து மறைந்தது.

இம்மானுவேல் பார்த்தார். "தண்ணி எங்கய்யா?"

"போயிருச்சு சார்."

"எங்க போச்சு?"

"கல்யாணம் முடிஞ்சுச்சுல்ல, கெளம்பிருச்சு."

"யோவ், அணு விலகும்யா, இல்லாமப் போகாது. மறைச்சிட்டீகன்னா பிள்ளைக சமன்பாட்டுல தண்ணியவே எழுதாதுக. மூலையிலயாவது நிக்க வையிங்க."

வாத்தியார் போன கொஞ்ச நேரத்தில், கூடலூர் ஜீப் டிரைவர் ஒச்சாண்டி மாடியேறி வந்தான். பாண்டீஸ்வரிக்குச் சித்தப்பா மகன்.

"மச்சான், பெரியப்பா சொல்லிவிட்டாக. கல்யாண சீடியில உங்களத் தூக்கிரணுமாம். புது சம்பந்தகாரக பாக்க வாராகளாம்."

"நான் எங்கடா இருக்கேன் அதுல?"

"மணமேடையில ஒரு எடத்துல நிக்கிறீகளாம்ல."

உண்மைதான். அட்சதை போட மேடையேறியபோது கேமராவை ஸ்டாண்டில் ஓடவிட்டிருந்தார். அவர் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு திரிஷா. அவர் எடுத்த அத்தனை கல்யாணங்களிலும் அவர் தெரிகிற ஒரே இடம். அதையும் அழித்தால், வளர்கிற பிள்ளைக்கு அப்பன் முகம் எப்படித் தெரியும்?

மறைத்துக் கொடுக்காவிட்டால் மாமனார் கையிலிருக்கும் சீடியையே உடைத்துப் போடுவார். உட்கார்ந்து மறைத்தார். ஆடாத கேமரா என்பதால் எளிது. வெறும் மேடையை எடுத்து அவர் மேல் போர்த்தினால் போதும். ஆள் போய்விட்டார். ஆனால் திரிஷாவின் கை மட்டும் மேலே தூக்கியபடி, விரல்கள் எதையோ இறுக்கிப் பிடித்தபடி நின்றது. உருண்டையை மறைத்த பின்னும் குச்சி நீட்டிக்கொண்டிருந்தது போல. அந்தக் கையை என்ன செய்ய? பார்த்துக்கொண்டே இருந்தார். பொட்டலத்திலிருந்த புரோட்டா காய்ந்துபோனது.

பிறகு கையை அப்படியே விட்டுவிட்டு, தன் உருவத்தைத் தனியே வெட்டினார், சிறிதாக்கினார், மேடையோரத்து வாழைமரத்துக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். பாதி இலைக்குள், பாதி வெளியே. தேடினால் உண்டு, தேடாதவருக்கு இல்லை. வாத்தியாரின் தண்ணீருக்கும் அப்படியே மூலையில் கண்ணைத் திறந்துவிட்டார்.

சீடி கூடலூர் போனது. செய்தி வரவில்லை. ஜீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜன்னலுக்குப் போனார். எல்லாம் குமுளிக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள்.

ஒரு மத்தியானம் ஒச்சாண்டி வந்தான்.

"பெரியப்பா பாத்தாக மச்சான். ஆள் இல்லன்னு திருப்தி. திரிஷாதான் வாழைமரத்துல வெரல வச்சு, 'அங்கன அப்பா'ன்னுச்சு."

ராக்கப்பன் எழுந்தே விட்டார். "கெழவருக்குத் தெரிஞ்சு போச்சா?"

"எங்க தெரியும்? அக்காதான் முந்தானையால டிவியத் தொடைக்கிறேன்னு குறுக்க நின்னுக்கிச்சே. அந்தக் காட்சி முடியுற வரைக்கும் தொடைச்சுச்சு."

"ஏதும் சொல்லுச்சா?"

"ஒண்ணும் சொல்லல."

ராக்கப்பன் மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார். "ஏலே, இங்கன கை நனச்சிட்டுப் போ."

"ஜீப்புல ஆள் உக்காந்திருக்கு மச்சான்."

படியிறங்கும் சத்தம் தேய்ந்தது. ராக்கப்பன் தனக்கு மட்டும் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தார். திரையில், வாத்தியாரின் பாடத்தில், ஜோடி சேர்ந்து முடிந்திருந்தது. மூலையில் ஒற்றைத் தண்ணீர், கண்ணுக்குத் தெரிந்தபடி நின்றது.