பச்சைப் பொட்டு ஒட்டி முதலிடம் பிடித்தவன்

ஐம்பத்தாறு வயதில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொப்பியில் ஒட்டுகிற பச்சை வட்ட ஸ்ரிக்கர் தாள் இரண்டைக் காற்சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு, எல்லோரும் தேத்தண்ணி குடிக்கப் போகட்டும் என்று சுவரோரம் காத்து நின்ற மடையன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் பொயிலர், பம்ப், கொமிற்றி என்று பெரிய மனிதனாகக் கதைக்கும்போது, வாசிக்கிற பிள்ளைகள் ஏமாந்துபோய் எனக்கு மரியாதை தந்துவிடக் கூடாது.

நான் வேலை பார்த்தது ஒரு பெரிய ஆடைக் கம்பனியில். தலைமை அலுவலகம் கொழும்பில். எங்கள் தொழிற்சாலை வலிகாமத்தில், வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவில். தைத்து முடித்த டெனிம் காற்சட்டைகளைக் கழுவிக் கழுவி நிறம் இறக்குகிற பிரிவும் எங்களிடம் இருந்தது. புதுக் காற்சட்டையைப் பழசு போல ஆக்குவதற்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று நீங்கள் பார்த்தால், கிழிந்த பழசையே போட்டுக்கொண்டு திரிவீர்கள். அந்தத் தண்ணீரையும் நீராவியையும் கரண்டையும் கொடுக்கிற மெயின்ரனன்ஸ் பிரிவுக்கு நான் தலைவன். பிறந்தது வல்வெட்டித்துறையில். பாய்க்கப்பல் ஓடிய பரம்பரை என்று வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். நான் ஓட்டியது பொயிலர்.

1. உருளுகிற கதிரை

ஒருநாள் கொழும்பிலிருந்து கட்டளை வந்தது. ஒவ்வொரு தொழிற்சாலையும் ஒரு சஸ்ரெய்னபிலிற்றி கொமிற்றி அமைக்க வேண்டும்; அதற்கு ஒரு லீட் வேண்டும். சுற்றாடலையும் அயலையும் கெடுக்காமல் நெடுங்காலம் தொழில் நடத்துவதற்குத்தான் அந்த நீண்ட பெயர். அந்தப் பதவி எனக்குத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று அந்தச் சொல்லை மூன்று நாள் சொல்லிப் பழகினேன். "உள்ளுக்கை ஆரோடை சண்டை பிடிக்கிறியள்?" என்று மனைவி கதவைத் தட்டினாள்.

நாலாம் நாள் எங்கள் மனேச்சர் குலம் சேர் எல்லோரையும் கூப்பிட்டு அறிவித்தார். லீட், நிரோஜினி.

நிரோஜினி கழிவுநீர் லாப்பில் கெமிஸ்ட். தென்மராட்சிப் பிள்ளை. என்னைவிட இருபத்தைந்து வயது இளமை. அதிகம் பேசமாட்டார், ஒரு கேள்விக்கு ஒரு வரிக்கு மேல் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. அவருக்குத் தனி அறை கொடுத்தார்கள். ஏசி பூட்டினார்கள். அதைப் பூட்டியதும் நான்தான், என் பிரிவுதானே! உருளுகிற கதிரை ஒன்றும் வந்தது. ஆள் இல்லாத நேரம் போய் அதில் இருந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். நல்ல கதிரை. அதனால் இன்னும் எரிந்தது. என் கதிரையின் ஒரு காலுக்குக் கீழே பத்து வருடமாக ஒரு கட்டை முண்டு கொடுத்துக்கொண்டிருந்தது.

கம்பனியின் வருட அறிக்கையில் அவருடைய படம் அரைப் பக்கத்தில் வந்தது. அவருக்குப் பின்னால் ஒரு பொயிலரும், அதற்குப் பின்னால் ஒரு வயிறும் தெரிந்தன. அந்த வயிறு என்னுடையது.

2. சுவரில் பதினொரு கட்டம்

கம்பனி இந்த விஷயங்களை நடத்துகிற முறை இதுதான். செய்ய வேண்டியவை ஆயிரம் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. ஆகவே எது முக்கியம் என்று வரிசைப்படுத்துவார்கள். முதலாவதாக வருவதற்கு மட்டும் ஓனர் என்று ஒரு பொறுப்பாளர் இருப்பார், ஒரு திட்டம் இருக்கும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொழும்பில் டிரெக்டர்மார் இருக்கிற போர்ட் கொமிற்றிக்கு முன்னால் பதில் சொல்ல வேண்டும். மற்றவை ‘கவனிப்பில் உள்ளவை’ என்ற பட்டியலுக்குப் போகும். அந்தப் பட்டியலைக் கவனிக்கும் வேலை மட்டும் ஒருவருக்கும் இருக்காது.

வரிசைப்படுத்த ஒரு கூட்டம் வைத்தார்கள். சுவரில் பெரிய தாள், அதில் பதினொரு கட்டம்: தண்ணீர், எனர்ஜி, கழிவு, தொழிலாளர் பாதுகாப்பு என்று. வந்தவர் ஒவ்வொருவருக்கும் ஐந்து பச்சைப் பொட்டு. எது முக்கியமோ அதில் ஒட்ட வேண்டும். அயலிலிருந்து ஆறு தோட்டக்காரரையும் நிரோஜினி அழைத்திருந்தார். அதில் எங்கள் மதிலோடு வெங்காயம் வைக்கிற அம்பலம் அண்ணையும் ஒருவர். வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு வந்து, ஐந்து பொட்டையும் தண்ணீர்க் கட்டத்தில் நேராக வரிசைக்கு ஒட்டினார், வெங்காயம் நட்டது மாதிரி.

தண்ணீர் முதலாவதாக வந்தால் நிரோஜினிதான் ஓனர். எனர்ஜி வந்தால் நான். தண்ணீர் வெல்லப் போகிறது என்பது முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனால் எனக்கு அது முந்தின நாளே தெரியும். அதனால்தான் பஸ் நிலையத்தடிப் புத்தகக் கடையில் அதே பச்சை, அதே அளவு பார்த்து இரண்டு தாள் வாங்கி வைத்திருந்தேன்.

இடைவேளைக்கு ரோல்ஸும் தேத்தண்ணியும் வெளியே வைத்தார்கள். சனம் ரோல்ஸைப் பிடிக்கப் போனது. நான் எனர்ஜிக் கட்டத்தில் ஒட்டினேன். இருபத்தேழு பொட்டு. கழிவுக் கட்டத்திலும் பாதுகாப்பிலும் கொஞ்சம் தூவிவிட்டிருந்தால் புத்திசாலித்தனமாக இருந்திருக்கும் என்று இப்போது படுகிறது. அவசரத்தில் எல்லாவற்றையும் எனக்கே ஒட்டிக்கொண்டேன். ரோல்ஸும் முடிந்துவிட்டது.

எனர்ஜி முதலிடம். தண்ணீர் இரண்டாம் இடம், கவனிப்புப் பட்டியலில்.

நிரோஜினி தாளைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு தன் அறைக்குப் போனார். மறுநாள் காலை கொமிற்றியின் விதிகளில் ஒரு வரி புதிதாகச் சேர்த்து எல்லோருக்கும் அனுப்பினார்: ‘ஓனர் தானாகக் கேட்டால் வரிசையை மறுபடி திறக்கலாம். காரணம் கேட்கப்படமாட்டாது.’

"உதென்ன விசர் ரூல்? கிடைச்ச முதலிடத்தை ஆர் சேர் விடப்போறான்?" என்று குலம் சேரிடம் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

அன்று பின்னேரம் என் காற்சட்டையைத் துவைத்த மனைவி, பைக்குள் இருந்து ஒரு பச்சைப் பொட்டைத் தோண்டி எடுத்தாள். "கொமிற்றிக்குப் போறனெண்டு நேர்சரிக்கோ போட்டு வாறியள்?"

3. முதலிடத்தின் சுகம்

கூரையெல்லாம் சோலர் தட்டு போட்டோம். நாடா வெட்டினேன். கொழும்பிலிருந்து டிரெக்டர் வந்தார். என் கையைக் குலுக்கிக்கொண்டே, "நிரோஜினி நல்ல புரோசெஸ் ஒன்று செஞ்சிருக்காங்க" என்றார். நாடா என்னுடையது, கை என்னுடையது, புகழ் அவருக்கு.

சோலர் மதியத்தில்தான் நன்றாகக் கரண்ட் தரும். அந்தக் கரண்டை முழுதாகப் பாவித்தால் என் ஸ்கோர் ஏறும். தொழிற்சாலையில் கூடுதலாகக் கரண்ட் குடிப்பவை இரண்டு குழாய்க் கிணற்றுப் பம்ப்கள். அதுவரை ஒன்று ஓட மற்றது ஓய்ந்திருக்கும். நாள் முழுக்க மாறி மாறி மெதுவாக இறைப்போம். நான் அதை மாற்றினேன். மதியம் நாலு மணித்தியாலம், இரண்டு பம்பும் ஒன்றாக, முழு வேகத்தில். தாங்கி நிரம்பியது. ஸ்கோர் பலகையில் என் கட்டம் பச்சையாகிப் பளபளத்தது.

எங்கள் நிலத்தில் இதை எவனும் செய்யமாட்டான். எங்களுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக் கல். மழைத் தண்ணீர் அதற்குள் ஊறி, கடல் தண்ணீருக்கு மேலே மெல்லிசாக மிதந்துகொண்டு கிடக்கிறது. ஆறுதலாக அள்ளினால் மேலே உள்ளது வரும். ஒரேயடியாக உறிஞ்சினால் கீழே உள்ள உப்பும் மேலேறும். நாலாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் நிரோஜினி வாயால் வந்தபடியால் அது எனக்குத் தெரியாமல் போனது.

"பம்ப் ரெண்டையும் ஒண்டாய் ஓட்டாதேங்கோ அண்ணை."

"தங்கச்சி, எனர்ஜி என்ரை ஏரியா. தண்ணி கவனிப்புப் பட்டியலிலைதானே கிடக்கு? வடிவாய்க் கவனியுங்கோ."

கவனித்தார். அடுத்த நாள் தொடங்கி, காலை ஏழரைக்கு என் மேசையில் ஒரு துண்டுத் தாள் இருக்கும். தேதி, கிணற்று நீரின் உப்பளவு, அவ்வளவுதான். ஒரு சொல் கிடையாது. தினமும் அந்த எண் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது. கம்பனி முறைப்படி அதற்கு மேல் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. பட்டியலில் கிடக்கிற விஷயத்துக்குப் பம்பை நிறுத்துகிற அதிகாரம் இல்லை. நான் அந்தத் தாள்களை மடித்துக் கதிரைக் காலுக்குக் கீழே கட்டையோடு சேர்த்து வைத்தேன். ஆட்டம் நின்றது.

4. ஒரு செம்பு

வைகாசியில் அம்பலம் அண்ணை கேற்றடிக்கு வந்தார். மனேச்சரைக் கேட்கவில்லை, நிரோஜினியைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார்.

"தம்பி, ஒருக்கா என்ரை கிணத்தடிக்கு வாரும்."

"என்னண்ணை, சொல்லுங்கோவன்."

"சொன்னால் ரிப்போட் எழுதுவியள். வந்து பாரும்."

மதிலைச் சுற்றிப் போனோம். வெங்காயத் தாள்களின் நுனியெல்லாம் கருகி, நெருப்புக் காட்டியது போல நின்றது. அவர் கிணற்றில் ஒரு வாளி அள்ளி, செம்பில் வார்த்து நீட்டினார்.

"குடியும்."

குடித்தேன். கடற்கரையில் பிறந்து, நீந்தப் பழகும்போது வயிறு நிறைய உப்புத் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் நான். ஆய்வுகூடம் எனக்குத் தேவையில்லை. வாயில் வைத்ததும் தெரிந்தது. துப்பவும் முடியவில்லை, அவர் பார்த்துக்கொண்டு நின்றார். விழுங்கினேன்.

"எப்பிடி?"

"கொஞ்சம்... சவராய்க் கிடக்கு."

"எங்கடை அப்பு வெட்டின கிணறு தம்பி. இந்தப் போகம் போயிட்டுது. அடுத்ததுக்கும் உது திருந்தாட்டில் நான் தோட்டத்தை விடவேண்டியதுதான். எனக்கு ஒண்டுதான் விளங்கேல்லை. அண்டைக்கு ஆறு பேர் வந்தனாங்கள். அஞ்சஞ்சு பொட்டு, அவ்வளவும் தண்ணியிலைதான் ஒட்டினனாங்கள். உங்கடை ஆக்களும் நிறையப் பேர் அதிலைதான் ஒட்டினவை, நான் பாத்தனான். ரோல்ஸ் திண்டுபோட்டு வந்து பாத்தால் தண்ணி தோத்துப்போச்சு. அதெப்பிடி?"

என்னிடம் பதில் இருந்தது. புத்தகக் கடையின் பெயர் உட்பட இருந்தது. நான் செம்பைத் திருப்பிக் கொடுத்தேன்.

திரும்பி வந்து என் கையாலேயே ஒரு பம்பை நிறுத்தினேன். குலம் சேர் ஓடிவந்தார்.

"என்ன காணும் செய்யிறீர்? சோலர் வீணாய்ப் போகுது! உம்மடை பச்சை நாளைக்குச் சிவப்பாகும்."

"ஆகட்டும் சேர். தண்ணியை முன்னுக்குக் கொண்டுவர வேணும்."

"வரிசை போர்ட் ஒப்புக்கொண்ட வரிசை. நீர் நினைச்சபாட்டுக்கு மாத்தேலாது."

அப்போதுதான் அந்த விசர் ரூல் ஞாபகம் வந்தது.

5. காரணம் கேட்கப்படமாட்டாது

அடுத்த மீளாய்வுக் கூட்டம் வீடியோவில். திரையில் கொழும்பு போர்ட் கொமிற்றி. இந்தப் பக்கம் குலம் சேர், நிரோஜினி, நான். என் முறை வந்தது. ஸ்லைட் ஒன்றும் காட்டவில்லை.

"எனர்ஜி ஓனராய் நான் கேக்கிறன், வரிசையை மறுபடி திறக்க வேணும்."

டிரெக்டர் தாளைப் புரட்டினார். "ரூல்ஸ்ல இருக்கு. காரணம் நீங்க சொல்லத் தேவையில்ல. முதலிடத்த விட்டுக் குடுக்கிற மனசு பெரிய விஷயம், வெரி குட்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பெரிய மனசுக்காரன் என்ற பெயரோடு ஓய்வு பெற்றிருக்கலாம். மனச்சாட்சி தடுத்தது என்று எழுத ஆசைதான். உண்மை அதைவிடக் கேவலமானது. பக்கத்தில் நிரோஜினி தலை குனிந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளையின் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. என்னிடம் இல்லாத ஒன்று அவரிடம் இருக்கிறதே என்று அதற்கும் பொறாமைப்பட்டேன். அந்த எரிச்சலில் வாய் திறந்துவிட்டது.

"பெரிய மனசு இல்லை சேர். தேத்தண்ணி நேரம் கடையிலை வாங்கின ஸ்ரிக்கரை நான் எனர்ஜியிலை ஒட்டினனான். தண்ணிதான் வெண்டது. இப்ப பக்கத்துக் கிணறு உப்பாய்ப் போச்சு."

திரையில் ஒருவரும் அசையவில்லை. இணையம் நின்றுவிட்டது என்று நினைத்துக் குலம் சேர் வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினார். இணையம் நன்றாகத்தான் இருந்தது.

எச்சரிக்கைக் கடிதம் வந்தது. எனர்ஜிப் பொறுப்பு போனது. ஓய்வு பெறும்வரை, மிச்சம் இரண்டு வருடமும் நிரோஜினிக்குக் கீழே வேலை செய்தேன். மறுபடி ஒட்டியபோது ஒவ்வொரு பொட்டிலும் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள்; ஏன் என்று தோட்டக்காரருக்கும் தெரிந்துபோனது. தண்ணீர் முதலிடம். கழுவிய தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பப் பாவிக்கிற பிளாண்டை நானே நின்று பூட்டினேன். கூரைத் தண்ணீரை நிலத்துக்குள் இறக்கக் குளம் ஒன்று வெட்டினோம். இரண்டு மாரி போனது. அம்பலம் அண்ணையின் கிணறு முழுதாகத் திருந்திவிட்டது என்று சொல்லமாட்டேன். போன போகம் வெங்காயம் வைத்தார். ஒரு பிடி கொண்டுவந்து தந்து, "உம்மடை பொட்டிலும் பாக்கப் பெரிசு" என்றுவிட்டுப் போனார்.

இளம் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். கொமிற்றி, விதி, ஸ்கோர் எல்லாம் நல்ல சாமான்கள். ஆனால் தாளில் எதை முதலாவதாக எழுதினாலும், நிலத்துக்குக் கீழே உள்ளது தன் வரிசைப்படிதான் நடக்கும். எதையாவது முதலிடத்துக்குத் தள்ளும்போது, அதற்காகத் தள்ளுகிறீர்களா, பக்கத்து அறைக் கதிரைக்காகத் தள்ளுகிறீர்களா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

நிரோஜினி இப்போது கொழும்பில், முழுக் கம்பனிக்கும் பொறுப்பு. அந்தக் கதிரை எப்படியிருக்கும் என்று நான் கேட்கவில்லை; கேட்டால் நித்திரை வராது. இதை அச்சுக்குக் கொடுக்க முன் அவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். கூடவே, இத்தனை வருடமாக உங்கள் மேல் பொறாமைப்பட்டேன், அன்று கூட்டத்தில் நான் சொல்லித்தான் உங்களுக்கு விஷயம் தெரிய வந்தது, அது எப்படித் தாக்கியிருக்கும், மன்னிக்க வேண்டும் என்று ஒரு பக்கத்துக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது.

"இருபத்தேழு இல்லை அண்ணை, முப்பத்தொண்டு, அண்டைக்குப் பின்னேரமே எண்ணிப்போட்டன்."