குப்பையைக் கொட்டிவிடலாமா

கம்ப்யூட்டரைச் சரிசெய்ய ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறது என்று மருமகள் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அது திருச்செங்கோட்டில் மகனுடைய போர்வெல் ரிக் ஆபீசில் பல வருசம் உழைத்த பெட்டி. அங்கே புதிது வாங்கியதும் இதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். மருமகள் டீச்சர். கேள்வித்தாள் அடிக்க அவளுக்கு அது வேண்டும். காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டுத் தலைசீவி, இட்லி சாப்பிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கிற ஃபேன் மாவு மில் மாதிரி இரையும்.

அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாமல் நான் அதில் எழுதிக்கொண்டிருந்தேன். ஐந்தாவதோடு நின்றது என் படிப்பு. நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் திறக்க வராது. மளிகைக் கடையில்கூடச் சீட்டை நீட்டிவிட்டுச் சும்மா நிற்பேன். மருமகள் கீபோர்டில் தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள். சமையல் குறிப்பு எழுதி வைக்கிறேன் என்று பொய் சொல்லி, திறக்கவும் மூடவும் அவளிடமே கற்றுக்கொண்டேன். வீட்டில் ஆள் இல்லாத மத்தியானங்களில் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடிக் குத்துவேன். நாளைக்கு ஆறு வரி வந்தால் பெரிது.

அப்படி நாலு ஃபைல் சேர்ந்திருந்தது. முதல் மூன்றை யார் பார்த்தாலும் வெட்கம்தான், வேறொன்றும் இல்லை. நான்காவதுதான் பயம். மகன் பிறந்த ஐந்தாம் மாதம் அவன் அப்பாவோடு பேச்சு முறிந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் அப்பா வீட்டுக்குப் போனேன். மூன்று மாதம் கழித்து, யாரும் வந்து கூப்பிடாமல், நானாகவே திரும்பி வந்தேன். ஏன் போனேன், ஏன் வந்தேன் என்று இரண்டையும் அதில் எழுதியிருந்தேன். அவர் இருந்தவரை எங்களுக்குள் அந்தப் பேச்சு வந்ததே இல்லை. மகனிடமும் நான் சொன்னதில்லை.

அதை எங்கே ஒளித்துவைப்பது என்று முன்பே யோசித்திருந்தேன். திரையின் மூலையில் ஒரு தொட்டிப் படம் இருக்கும். அது என்ன என்று மருமகளைக் கேட்டபோது, அது குப்பை, வேண்டாததைப் போட்டு வைக்கலாம், வேண்டுமானால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தாள். எனக்கு அது பிடித்துப்போனது. எங்கள் பக்கத்தில் குப்பை என்றால் அசிங்கம் கிடையாது. சாணியும் சாம்பலும் தழையும் வருசம் பூராவும் கிடந்து மக்கும். யாரும் அதைக் கிளறிப் பார்க்க மாட்டார்கள். மழைக்கு முன்னால் டிராக்டரில் ஏற்றிக் கொண்டுபோய் உழுகிற காட்டில் கொட்டுவோம். அந்த நாளில் எதிரே வருகிறவர்கள் கேட்பதே ‘குப்பை கொட்டியாச்சுங்களா’ என்பதுதான். அதனால் எழுதி முடித்ததும் நாலு ஃபைலையும் அந்தத் தொட்டியில் போடுவேன். மறுநாள் எடுத்து எழுதிவிட்டுத் திரும்பப் போடுவேன்.

வந்தது சங்ககிரியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். பெட்டியைக் கழற்றி, காற்றடிக்கிற மெஷினை வைத்து ஊதினாள். தூசியோடு ஒரு கோழி இறகும் பறந்து வந்து விழுந்தது. “இது கம்ப்யூட்டருங்களா, கோழிப்பண்ணைங்களா?” என்றாள். மகன் சிரித்தான். பழைய டிஸ்க்தான் மெதுவாக ஓடுகிறது, புதுசு போட்டு, ரேமும் கூட்டிவிட்டால் இன்னும் நாலைந்து வருசம் வரும் என்றாள். பழசில் இருப்பதெல்லாம் அப்படியே புதுசுக்குப் போய்விடும் என்றும் சொன்னாள். சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் கொஞ்சம் மூச்சு வந்தது.

மகனுக்கு ரிக் டிரைவரிடமிருந்து போன் வந்தது. அவன் வெளியே போனான். மருமகள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள்.

“ஏனுங்கம்மா, குப்பை நெறையக் கெடக்குது. கொட்டிரட்டுங்களா?”

பழைய இடத்திலிருந்து அள்ளிக்கொண்டுபோய்ப் புது இடத்தில் கொட்டப்போகிறாள், அதைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

“கொட்டுங்க அம்மிணி” என்றேன். புது ஆளிடம் திக்காமல் பதில் சொன்னேனே என்று எனக்கே சந்தோசம்.

வேலை முடிய வெகுநேரம் ஆனது. சுவிட்சைப் போட்டதும் திரை பளிச்சென்று வந்தது. மருமகள் கைதட்டினாள். நான் மூலையைப் பார்த்தேன். காகிதம் நிறைந்திருந்த தொட்டி வெறுமையாக இருந்தது.

குப்பை எங்கே என்று அந்தப் பெண்ணிடம் மெல்லக் கேட்டேன். கொட்டியாகிவிட்டது என்றாள். எங்கே கொட்டினாய் என்று கேட்டதும் சிரித்துவிட்டாள். “அதுக்கு எடமேதுங்கம்மா? அழிஞ்சுபோச்சுங்க.”

மருமகள் காபி கொடுத்தாள். அந்தப் பெண் குடித்தாள், ஸ்க்ரூ டிரைவரையெல்லாம் பையில் போட்டாள், மகனிடம் சொல்லிக்கொண்டாள், செருப்பை மாட்டினாள். ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே நின்றேன். சொன்னால் என்ன எழுதினாய் என்று கேட்பார்கள். சொல்லாவிட்டால் ஒன்றரை வருசத்து மத்தியானம் அத்தனையும் போச்சு. ஸ்கூட்டர் கிளம்புகிற சத்தம் கேட்டதும் கேட் வரைக்கும் ஓடிவிட்டேன்.

“அதுல என்னுது இருந்துச்சு அம்மிணி.”

அவள் இந்தத் தடவை சிரிக்கவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்து பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டினாள். அழித்தது உடனே போய்விடாது, அதன்மேல் வேறு ஏதும் ஏறாமல் இருந்தால் எடுத்துவிடலாம் என்றாள். மகன் என்ன ஏது என்று கேட்டான். சமையல் குறிப்பு என்று மருமகள் சொன்னாள். ஃபைலுக்கு என்ன பெயர் என்று அந்தப் பெண் கேட்டாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்றேன்.

ஒண்ணு கிடைத்தது. சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க அதைத் திறந்தாள். என் எழுத்து திரை முழுக்க வந்து நின்றது. மகன் குனிந்தான். நான் போய் இரண்டு கையாலும் திரையை மூடிக்கொண்டேன்.

பிறகு மகன்தான், “கைய எடுங்கம்மா, நாங்க பாக்கலீங்க” என்று சொல்லி மருமகளையும் கூட்டிக்கொண்டு வெளியே போனான்.

ரெண்டும் மூணும் வந்தன. நாலைத் திறந்தால் எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாக நின்றது. அந்தப் பெண் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டு, இனி வராது என்று மெதுவாகச் சொன்னாள்.

அன்று சாப்பிடும்போது மகன் கேட்டான். “நாலாவதுல என்னங்கம்மா இருந்துச்சு?”

பார்க்கப்போகிறானே என்று பயந்த ஒன்றுதான் போய்விட்டது. இனிப் பொய் சொன்னாலும் யாருக்கும் தெரியாது. ஆனால் வாய் தானாகச் சொன்னது.

“உன்னையத் தூக்கிக்கிட்டு எங்கப்பன் ஊட்டுக்குப் போனதுடா சாமி. மூணு மாசம்.”

“தெரியுமுங்கம்மா. அப்பா சொல்லியிருக்காரு.”

ரசத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுக் கைகழுவப் போனான். என்ன சொன்னார் என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை.

மறுபடி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். வீட்டை விட்டுப் போனதைத் தடங்கலில்லாமல் எழுதிவிட்டேன். திரும்பி வந்ததுதான் நகரவில்லை. நான் வந்தபோது அவர் வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார், திரும்பியே பார்க்கவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். அதையே திரும்ப அடிக்க விரல் போகமாட்டேன் என்கிறது. பார்த்தாரோ என்னவோ. மகனைக் கேட்டால் சொல்லுவான். மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது, அவன் வீட்டில்தான் இருந்தான். நான் கேட்கவில்லை.