சட்டைப் பையில் கம்பி

மீன் வைக்கும் குளிர்கிடங்கில் அம்மோனியா இயந்திரங்களுக்கு அவர்தான் ஃபோர்மேன். இயந்திரத்தில் தேங்கும் எண்ணெயை வடிக்க, வால்வின் பிடியை அழுத்திக்கொண்டே நிற்க வேண்டும். கையை எடுத்தால் தானாக மூடிக்கொள்ளும். எண்ணெய் தீர்ந்தால் பின்னாலேயே அம்மோனியா வந்துவிடும் என்பதால்தான் அந்த ஏற்பாடு. எண்ணெயோ ஆமை வேகத்தில் இறங்கும், கை மரத்துப்போகும். ஆட்கள் பிடியைக் கம்பியால் கட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

"டீ ஆறினா சூடு பண்ணிக்கலாம்டா. நுரையீரல் வெந்தா என்னடா பண்ணுவே?"

"இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலையேண்ணே."

கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அவிழ்த்த கம்பியை அங்கே போட்டால் மறுபடி கட்டுவார்கள் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். வீட்டில் வாளிப் பிடி, ஜன்னல் கொக்கி எல்லாம் அந்தக் கம்பிகளில்தான் தொங்கின.

அன்று சாயங்காலம் வந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நாற்காலியில் சரிந்தார். துவைக்க எடுத்த மனைவி பையைத் துழாவினாள்.

"என்னங்க, இன்னைக்குக் கம்பியே இல்ல! பசங்க திருந்திட்டாங்களா?"

கண்ணை மூடியபடியே யோசித்தார். அவர்களாவது, திருந்துவதாவது. கால் கடுத்ததில் இன்று இவர்தான் அந்தப் பக்கமே போகவில்லை. ராத்திரி ஷிப்டு ஆட்களுக்குப் போன் செய்து பார்க்கச் சொல்லலாம், "பாத்துட்டேண்ணே" என்பார்கள், இருந்த இடத்தைவிட்டு அசையாமல்.

"சட்டையை ஊறப்போட்டுடாதே," என்று எழுந்தார். "இப்படிக் கொடு."