வாசலில் கழற்றிய பூட்ஸ்

பாழடைந்த கட்டடங்களைச் சுற்றிப் பார்க்கும் ஆசை வந்ததும் நான் முதலில் சாமான்தான் வாங்கினேன். தலைவிளக்கு, கையுறை, தூசி மாஸ்க், அடியில் இரும்புத் தகடு வைத்த பூட்ஸ்.

"பூட்ஸ்தான் முக்கியம் தம்பி. மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் லா," என்றார் சாந்தி அக்கா. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்பவர். இப்படிச் சுற்றிப் பார்ப்பதில் பல வருடம் பழகியவர்.

ஒரு ஞாயிறு காலை, உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, ஜார்ஜ்டவுனில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டுக்குள் இருவரும் நுழைந்தோம். உள்ளறைக் கதவைத் தள்ளினேன். சுவரில் முருகன் படம்; மாலை காய்ந்து நாராகத் தொங்கியது. நான் யோசிக்கவே இல்லை. பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனேன். இரண்டாவது அடியில் துருப்பிடித்த ஆணி பாதத்தில் ஏறியது. பார்த்துப் பார்த்து வாங்கிய பூட்ஸ் கதவோரம் ஒழுங்காகச் சோடியாக நின்றது.

கிளினிக்கில் ஊசி போட்டபோது அக்கா திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"என் கையும் பூட்ஸ் லேஸை அவுக்கத்தான் போச்சு தம்பி. நீ முந்திக்கிட்ட," என்றார்.

பிறகு போன ஒரு வீட்டிலும் சாமி அறை இருந்தது. இருவரும் வாசலிலேயே நின்று கும்பிட்டோம். பூட்ஸைக் கழற்றவில்லை. உள்ளே போகவும் இல்லை.