திரும்பத் திரும்ப ஏலம் போன கோழி

தாயில்பட்டிப் பக்கம் ஒரு கிறிஸ்தவ ஆலயத்தின் கூரைக்காக, அறுப்பின் பண்டிகையன்று காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டோம். ஏலம் கூறியவன் நான். மழையால் பட்டாசு வேலை நின்றிருந்த சமயம். யார் விலை கேட்கப்போகிறார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன்.

முதல் கோழியை ஒரு பட்டாசுத் தொழிலாளி எடுத்தார். குட்டையான மனிதர். எவ்வளவு கழுவினாலும் பட்டாசு மருந்தின் வெள்ளிப்பொடி போகாத விரல்கள். பேசுவதற்கு முன்பே சிரித்துவிடுவார். பணத்தைக் கட்டியவர், கோழியை என்னிடமே நீட்டினார்.

“மறுபடி ஏலம் விடுங்கய்யா.”

“வேலையில்லாத நேரம். வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைங்கண்ணே.”

“கோழிக்கறி எப்பவும் திங்கலாம். குடுக்க ஆசைப்பட்டு வந்தவனைத் தடுக்கீகளே!”

அடுத்து எடுத்த தையல்காரம்மாவும் கோழியைத் திருப்பிக் கொடுத்தார். அதற்கடுத்தவரும் அப்படியே. ஆலயமே சிரிப்பில் அதிர்ந்தது. ஏழாவது முறை என்னை அறியாமல் நானே விலை கேட்டுவிட்டேன்.

“ஏலம் விடுறவரு கேக்கக் கூடாது!” என்று ஒருவர் கத்தினார்.

“கேக்கட்டும்லே. அவுகளுக்கும் ஆசை இருக்காதா?” என்றார் அந்தப் பட்டாசுத் தொழிலாளி.

கூரை அந்த வருடமே ஏறிவிட்டது. அவர் பெயர் எனக்குத் தெரியாது. காணிக்கை கொடுக்கச் சொல்லி ஊர் ஊராகப் பேசியவன் நான். எனக்குள்ளும் கொடுக்கும் ஆசை இருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார்.